ஒன்பது கிராம் உப்பு

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, பொது மருத்துவ வார்டில் ஒரு முதியவரின் மகள் என்னை நிறுத்திக் கேட்டார்: “டாக்டர், அப்பாவுக்கு உடம்பில் நீர்ச்சத்து போய்விட்டது என்கிறீர்கள். அப்படியானால் சுத்தமான தண்ணீரையே ஏற்றிவிடலாமே. எதற்கு உப்புத் தண்ணீர்? அவருக்கு இரத்த அழுத்தம் வேறு இருக்கிறது. வீட்டில் நாங்கள் உப்பைக் குறைத்துச் சமைக்கிறோம். நீங்கள் இங்கே பாட்டில் பாட்டிலாக உப்பை ஏற்றுகிறீர்களே!”

கேள்வி மிகவும் நியாயமானது. அன்று எனக்கு அவசரம். “அளவோடுதான் ஏற்றுகிறோம், அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தேன். அந்த விடை அவருக்கு மனநிறைவு தரவில்லை என்பதை முகமே சொல்லிற்று. அவருக்குக் கடன்பட்ட முழு விடையை இங்கே எழுதுகிறேன். குடும்பத்தாரின் இசைவோடுதான் இதைக் குறிப்பிடுகிறேன்.

விடையின் முதல் பாதி நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. மாவடு போட்டிருப்பவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். பிஞ்சு மாங்காய்களைக் கழுவித் துடைத்து, ஜாடியில் கல்லுப்பைப் பரப்பி, குலுக்கி வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றுவதில்லை. ஆயினும் இரண்டு மூன்று நாட்களில் ஜாடியில் நீர் ஊறி நிற்கிறது. வடுக்கள் தோல் சுருங்கிக் கிடக்கின்றன. அந்த நீர் மாங்காய்க்குள் இருந்த நீர். வெளியே உப்பு மிகுதி, உள்ளே குறைவு. மாங்காயின் உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வு நீரைத் தாராளமாக விடும். உப்பை அவ்வளவு எளிதில் விடாது. ஆகவே நீரே புறப்பட்டு, கரைபொருள் மிகுந்த பக்கத்துக்குச் சென்றுவிடுகிறது. உலர்திராட்சையை வெறும் தண்ணீரில் போட்டால் இதே செயல் தலைகீழாக நடக்கிறது. நீர் உள்ளே புகுந்து திராட்சை உப்பிவிடுகிறது. இதற்குச் சவ்வூடுபரவல் என்று பெயர்.

நம் இரத்தத்தின் சிவப்பணுக்களும் இத்தகைய சவ்வுப் பைகளே. நாளத்தில் வெறும் தண்ணீரை ஏற்றினால், அது சேரும் இடத்தில் உள்ள சிவப்பணுக்கள் உலர்திராட்சைபோல் உப்பும். திராட்சையைப் போலன்றி, வெடித்தும் விடும். அவற்றுள் இருக்கும் பொட்டாசியமும் செந்நிறப் புரதமும் இரத்தத்தில் கொட்டும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அதைவிடக் கேடு வேறில்லை. மாறாக, உப்பு மிகுந்த கரைசலை ஏற்றினால் அணுக்கள் மாவடுபோல் சுருங்கும். இரண்டும் வேண்டாம் எனில், ஏற்றும் நீரின் கரைபொருள் அளவு இரத்தத்தினுடையதற்கு ஒத்ததாக இருக்க வேண்டும். அந்த அளவுதான் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. சலைன் பாட்டிலின் மேல் 0.9 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது இதையே.

இந்த எண்ணை மனிதர் கண்டடைய நெடுங்காலம் ஆயிற்று. 1748இல் பிரான்சு நாட்டு அறிஞர் நோலே, மதுச்சாரம் நிறைந்த கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி நீருக்குள் அமிழ்த்தினார். நீர் உள்ளே புகுந்து தோல் மேல்நோக்கிப் புடைத்தது. அது விந்தையாக மட்டுமே அப்போது நின்றது. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் வாந்திபேதி பரவியபோது, தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் துணிந்து, சாகும் நிலையிலிருந்த ஒரு மூதாட்டியின் நாளத்தில் உப்புநீரைச் செலுத்தினார். குழிந்திருந்த கண்கள் ஒளி பெற்றன, நாடி திரும்பிற்று. ஆனால் அவர் விடைபெற்றுச் சென்ற பின் பேதி தொடர்ந்தது. மீண்டும் நீர் ஏற்றப்படவில்லை. மூதாட்டி சில மணி நேரத்தில் இறந்தார். லாட்டாவின் கரைசலில் உப்பு இன்றைய அளவை விடக் குறைவு. எவ்வளவு உப்பு சரி என்பதை அளந்து சொல்லும் அறிவியல் அன்று பிறக்கவில்லை.

அது பிறந்தது 1880களில். ஹாலந்து நாட்டு வேதியியலாளர் வான்ட் ஹாஃப், கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தம் ஓர் எளிய விதிக்குக் கட்டுப்படுகிறது என்று காட்டினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்கே அளிக்கப்பட்டது. அவர் நாட்டவரான ஹாம்பர்கர் என்னும் உடலியலாளர், சிவப்பணுக்களைப் பல செறிவுள்ள உப்புநீரில் இட்டுப் பார்த்து, மனித இரத்தத்துக்கு ஒத்தது ஏறத்தாழ 0.9 சதவீதக் கரைசல் என்று கண்டார்.

எண்ணிக்கையே கணக்கு

இந்த விதியில் ஒரு வியப்பு உண்டு. கரைந்திருக்கும் பொருள் எது என்பது இங்கே முக்கியமன்று. அதன் துகள்கள் எத்தனை என்பதே முக்கியம். உப்பு, சர்க்கரை, யூரியா என்ற வேற்றுமையைப் பாராமல் நீர் தலைகளை மட்டும் எண்ணுகிறது. அதனால்தான் பள்ளிப் பாடநூல்கள் இவற்றைத் தொகைசார் பண்புகள் என்கின்றன.

குளுக்கோஸ் பாட்டிலை உற்று நோக்குங்கள். அதில் 5 சதவீதம் என்றிருக்கும். அதாவது லிட்டருக்கு 50 கிராம். சலைனில் 9 கிராம், குளுக்கோஸில் 50 கிராம். இருந்தும் இரண்டும் பாட்டிலுக்குள் இரத்தத்துக்கு ஏறத்தாழ ஒத்தவையே. உப்பின் துகள் எடை குறைந்தது. கரைந்ததும் அது சோடியம், குளோரைடு என்று இரண்டாகவும் பிரிகிறது. குளுக்கோஸின் மூலக்கூறு கனமானது; பிரிவதும் இல்லை. எனவே அதே தலைக்கணக்கை எட்டக் குளுக்கோஸ் ஐந்து மடங்குக்கு மேல் தேவைப்படுகிறது. உடலுக்குள் சென்றபின் உயிரணுக்கள் குளுக்கோஸை எடுத்துக்கொள்ள, எஞ்சுவது வெறும் நீரே. ஆகவே இரண்டு பாட்டில்களும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். “உடம்பு அசதியாக இருக்கிறது, ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்” என்று புறநோயாளிப் பிரிவில் கேட்காதவர் குறைவு. அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அது தரும் ஆற்றல் 100 கலோரியைத் தாண்டாது. இரண்டு இட்லிக்கு மேல் இல்லை. இட்லிக்கு ஊசி குத்த வேண்டியதில்லை, சட்னியும் உண்டு.

தலைகளை எண்ணுவது எப்படி? இங்கே கரைசலின் மற்றொரு பண்பு துணைக்கு வருகிறது. கரைபொருள் சேர்ந்தால் நீரின் உறைநிலை தாழும். தள்ளுவண்டியில் குல்பி விற்பவர், பானையில் பனிக்கட்டியோடு உப்பைக் கொட்டுவது இதற்காகத்தான். அந்தக் கலவை சுழியத்துக்கு வெகு கீழே குளிர்ந்து, பாலை உறையச் செய்கிறது. நம் இரத்தத்தின் நீர்ப்பகுதி சுழியத்தில் உறைவதில்லை. அதற்கு ஏறத்தாழ அரைப் பாகை கீழே, −0.54 பாகை செல்சியஸ் அளவில் உறைகிறது. ஆய்வகத்தில் ஒரு சிறு கருவி சில துளிச் சீரத்தை உறையச் செய்து, அந்த வெப்பநிலையிலிருந்து துகள்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுகிறது. உங்கள் அறிக்கையில் ‘ஆஸ்மோலாலிட்டி’ என்ற வரி இருந்தால், அது இந்தக் குல்பிக் கணக்கே. 275 முதல் 295 வரை இருப்பது இயல்பு. (உப்பு சேர்த்தால் கொதிநிலை உயரும் என்பதும் உண்மையே. ஆனால் ஒரு லிட்டர் நீரில் பத்து கிராம் உப்பிட்டால் அது உயர்வது ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சமையலுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.)

பொட்டலமும் குவளையும்

நாளத்தின் வழியே செல்லும் நீருக்கு மருத்துவமனையில் நாங்கள் காவல் இருக்கிறோம். வீட்டில் கலக்கும் கரைசலுக்கு நீங்கள்தாம் காவல். எனவே ஓ.ஆர்.எஸ். பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தனர். எல்லையருகே பன்காவ் என்னும் ஊரின் முகாமில் காலரா பரவிற்று. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் அளவாகக் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். முப்பது சதவீதம் வரை சென்றிருந்த இறப்பு, அவரது பராமரிப்பில் இருந்தோரிடையே நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்தப் பணியில் பெரும்பகுதி செய்தவர்கள் தாய்மாரும் அண்ணன் தம்பியருமே.

அதில் சர்க்கரை எதற்கு என்று பலர் கேட்பதுண்டு, சுவைக்காக அன்று. குடலின் சுவரில், சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து வந்தால் மட்டுமே திறக்கும் வாயில்கள் உண்டு. பேதியின்போது மற்ற வழிகள் பழுதானாலும் இவ்வாயில்கள் பெரும்பாலும் பழுதாவதில்லை. இரண்டும் உள்ளே சென்றதும், சவ்வூடுபரவலால் நீர் பின்தொடர்ந்து செல்கிறது. சர்க்கரை இல்லாவிடில் உப்பு நுழையாது. உப்பு நுழையாவிடில் நீரும் நுழையாது.

ஆனால் சர்க்கரை மிகுந்தாலோ, நிலைமை மாவடு ஜாடிதான். குடலுக்குள் கரைபொருள் கூடிவிட, உடலிலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது, பேதி பெருகுகிறது. பேதியுள்ள குழந்தைக்குக் குளிர்பானமும் கடைச் சாறும் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். உலக சுகாதார நிறுவனமே பழைய கரைசலின் செறிவைக் குறைத்து, 2002இல் 311 என்றிருந்ததை 245 ஆக்கியது. இரத்தத்தின் அளவுக்குச் சற்றே கீழே இருப்பதால் நீர் உடலுக்குள் செல்ல எளிதாகிறது.

இப்போது ஆபத்தைச் சொல்கிறேன். கடைகளில் இருவகைப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. ஏறத்தாழ 21 கிராம் எடையுள்ள பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கு உரியது. 4 கிராமுக்குச் சற்று மிகுந்த சிறிய பொட்டலம் 200 மில்லிலிட்டருக்கு உரியது. பெரிய பொட்டலத்தை ஒரே குவளை நீரில் கொட்டிக் கலக்கிக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, “மூன்று பாக்கெட் கொடுத்தோம், இன்னும் தாகம் அடங்கவில்லை” என்று ஓடிவரும் பெற்றோரை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தக் குவளையில் இருப்பது இரத்தத்தைப் போல் நான்கு மடங்கு செறிவுள்ள கரைசல். தாகம் அடங்காததில் வியப்பென்ன? குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறுகிறது, மூளையின் உயிரணுக்கள் சுருங்குகின்றன, வலிப்பும் வரலாம். அன்பின் மிகுதியால் செய்யப்படும் இத்தவறுக்காக எந்தத் தாயையும் கடிந்து பேச எனக்கு மனம் வருவதில்லை. பொட்டலத்தின் மீது நீரின் அளவு பொடி எழுத்தில்தானே இருக்கிறது!

ஆகவே பொட்டலத்தின் பின்புறத்தை முதலில் படியுங்கள். ஒரு லிட்டர் குடிநீர் பாட்டில் எந்த வீட்டிலும் கிடைக்கும். அதையே அளவாகக் கொள்ளுங்கள். காய்ச்சி ஆற வைத்த நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரையுங்கள். பாதியைப் போட்டுப் பாதியை மடித்து வைத்தால் உப்பும் சர்க்கரையும் சரிபாதியாகப் பிரிந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கலந்தபின் கொதிக்க வைக்க வேண்டாம். நீர் ஆவியாகிச் செறிவு ஏறிவிடும். பாலிலோ பழச்சாற்றிலோ கலக்க வேண்டாம். மேலும் சர்க்கரை சேர்க்க வேண்டாம். 24 மணி நேரம் கடந்தால் எஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். பொட்டலம் கிட்டாத நேரத்தில், ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. அரிசியின் மாவுப்பொருள் குடலில் சிறுகச் சிறுகக் குளுக்கோஸாக மாறித் தருகிறது. வாந்தி எடுக்கும் குழந்தைக்குத் தேக்கரண்டியால் ஒவ்வொரு வாயாகப் புகட்டுங்கள். குழந்தை மயங்கினாலோ, சிறுநீர் கழியாவிட்டாலோ, இரத்தம் கலந்து போனாலோ வீட்டில் காத்திருக்காமல் உடனே அழைத்து வாருங்கள்.

சக்கரத்தைத் திருப்பாதீர்கள்

முதியவரிடம் திரும்புவோம். நான்கு நாள் பேதியில் அவர் உப்பையும் நீரையும் சேர்த்தே இழந்திருந்தார். வீட்டில் வெறும் தண்ணீரும் கடுங்காப்பியும் மட்டும் கொடுத்திருந்தார்கள். நீர் ஓரளவு ஈடாயிற்று, உப்பு ஈடாகவில்லை. இயல்பாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் 114 ஆக இறங்கியிருந்தது. மகளை அடையாளம் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். முதுமையின் குழப்பம் என்றே குடும்பத்தார் எண்ணியிருந்தனர். உண்மையில், இரத்தம் நீர்த்துவிட்டதால் நீர் மூளையின் உயிரணுக்களுக்குள் புகுந்திருந்தது. மற்ற உறுப்புகள் வீங்க இடமுண்டு, மண்டையோட்டுக்குள் இடமில்லை.

இரண்டாம் இரவு அவர் மகன், துளித்துளியாக இறங்கும் நீரைப் பார்த்துப் பொறுமை இழந்து, குழாயில் உள்ள சிறு சக்கரத்தை மேலே தள்ளிவிட்டார். பாட்டில் விரைவில் தீர்ந்தால் அப்பா விரைவில் தேறுவார் என்பது அவர் எண்ணம். செவிலியர் சில நிமிடங்களில் கண்டு சரிசெய்தார்.

அந்த மெதுவான ஓட்டத்துக்குக் காரணம் உண்டு. சோடியம் குறைந்து ஓரிரு நாட்கள் கடந்தால், மூளையின் உயிரணுக்கள் தம்முள் இருக்கும் கரைபொருள்களில் சிலவற்றை வெளியேற்றி, வீக்கத்தைத் தணித்துக்கொள்கின்றன. அந்தத் தழுவலுக்குப் பின் சோடியத்தை நாம் திடீரென்று ஏற்றினால், இழந்த கரைபொருள்களை அவற்றால் உடனே மீட்க முடியாது. அவை சுருங்கும், நரம்பிழைகளின் மேலுறை சிதையும். முதலில் தெளிவு வந்தாற்போலத் தோன்றிய நோயாளிக்குச் சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க இயலாது, கைகால் செயலிழக்கும். இதனால்தான் ஒரு நாளில் 8 முதல் 10 எண்களுக்கு மேல் ஏறாதபடி, மணிக்கணக்கில் இரத்தம் எடுத்து அளந்து ஏற்றுகிறோம். “இத்தனை தடவை இரத்தம் எடுக்கிறார்களே” என்ற குறையும் எங்கள் காதில் விழாமல் இல்லை.

மகள் கேட்ட இரத்த அழுத்தக் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். அவர் அஞ்சியது வீண் அச்சம் அன்று. அரை லிட்டர் சலைனில் நாலரை கிராம் உப்பு இருக்கிறது. ஒருவர் நாள் முழுவதும் உண்பதற்கு உலக சுகாதார நிறுவனம் விதிக்கும் வரம்பே 5 கிராமுக்குள்தான். உப்பை இழந்தவருக்கு அது மருந்து. இழக்காதவருக்கு அது சுமை. இதயம் தளர்ந்தவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் தேவையின்றி ஏற்றும் ஒரு பாட்டில் மூச்சுத் திணறலில் கொண்டு விடலாம்.

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இதே கணக்கு நாள்தோறும் உண்டு. “தண்ணீரைக் குறையுங்கள்” என்று கேட்டுக் கேட்டு அவர்கள் சலித்திருப்பார்கள். நான் மாற்றிச் சொல்கிறேன்: உப்பைக் குறையுங்கள். சிறுநீரகம் வெளியேற்றாத ஒவ்வொரு 9 கிராம் உப்பும், இரத்தத்தின் செறிவைச் சமன்செய்ய ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரைக் கேட்டு வாங்கும். அந்தக் கேட்டலுக்குத்தான் தாகம் என்று பெயர். அப்பளமும் கருவாடும் ஊறுகாயும் உண்டுவிட்டுத் தாகத்தை மன உறுதியால் அடக்க முயல்வது, வெல்ல முடியாத போர். தோற்றதற்காக அவர்களை ஏசுவதும் முறையன்று. கடைகளில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரக நோயாளியின் இதயத்தை அது நிறுத்திவிடக் கூடும்.

வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்வோரின் பைகளில் 1.5, 2.5, 4.25 என்ற எண்கள் இருக்கும். அவை குளுக்கோஸின் சதவீதம். எண் மிகுந்தால் இழுக்கும் நீரும் மிகும். முந்தின நாள் விருந்தில் கூடுதலாகக் குடித்துவிட்டோம் என்று நீங்களே பெரிய எண்ணுக்குத் தாவ வேண்டாம். அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு உடலுக்குள்ளும் சேர்கிறது; எந்தப் பை என்பதை உங்கள் சிறுநீரகப் பிரிவே முடிவு செய்யட்டும்.

முதியவர் மூன்றாம் நாள் மாலை மகளைப் பெயர் சொல்லி அழைத்தார். அன்று சோடியம் 129. ஐந்தாம் நாள் வீடு திரும்பும்போது, மகள் கைப்பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலையும் பெரிய பொட்டலத்தையும் எடுத்துக்காட்டி, “இதற்கு இதுதானே?” என்று உறுதிசெய்துகொண்டார். தந்தை என் பக்கம் சாய்ந்து, வீட்டில் இந்த ஆண்டு மாவடு நன்றாக வந்திருக்கிறது, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எப்போதாவது ஒன்று, நீரை வடித்துவிட்டு, என்றேன். இரண்டு என்றார் அவர். மகள் திரும்பிப் பார்த்தார். இருவரும் பேச்சை மாற்றிக்கொண்டோம்.